கடல் வற்றாது, மீன் வற்றும்!

சித்திரை பிறந்தால் மீன் விலை ஏறும். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் செஞ்சி, பனமலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் இது தெரிந்த கதைதான்.

காரணம் என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. 2001-ம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய தடை இது. 2017 முதல் 61 நாட்களாக நீண்டது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை.

பசித்த வயிறுகள் இருக்கும்போது கடலைப் பூட்டலாமா? பூட்டுவதே பசியைத் தீர்க்கத்தான்! சினை மீன் முட்டையிட வேண்டும். குஞ்சு வளர வேண்டும். அதற்குத்தான் இந்த ஓய்வு.

ஏறிய கணக்கு நின்றது

1950-51-ல் இந்தியக் கடல்களில் பிடிபட்ட மீன் சுமார் 5 லட்சத்து 34 ஆயிரம் டன். பிறகு விசைப்படகு வந்தது. பருத்தி வலை போய் நைலான் வலை வந்தது. 2012-ல் பிடிபட்டது சுமார் 39 லட்சம் டன்! ஆனால் கணக்கு அதே வேகத்தில் ஏறவில்லை. 2023-ல் சுமார் 35 லட்சம் டன்தான்.

வட்டியை எடுத்துச் செலவு செய்தால் முதல் நிற்கும். முதலிலேயே கை வைத்தால்?

கனடா நாட்டைப் பாருங்கள். அங்கே நியூபவுண்ட்லாந்து கடலில் காட் என்ற மீன் கொட்டிக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வாரி எடுத்தன. 1992-ல் மீன் அற்றுப்போய், அரசே பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30 ஆயிரம் பேர் வேலை இழந்தனர். அந்தத் தடை விலக 2024 வரை, 32 ஆண்டுகள் ஆயின!

சுமை யார் தலையில்?

தடையின் பலன் எல்லோருக்கும். சுமையோ மீனவர் வீட்டுக்கு. தமிழக அரசு 2023-ல் தடைக்கால நிவாரணத்தை 8 ஆயிரம் ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தது. இரண்டு மாதம் அடுப்பு எரிய இது போதுமா என்று அவர்கள் கேட்டால், அதில் நியாயம் உண்டு. நாளைய மீனுக்காக இன்று பட்டினி கிடக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கடலில் பயிர்

பிடிப்பது மட்டும்தானா வழி? வளர்க்கவும் செய்யலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார், 2010-ல் கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அதைக் கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். ஆனால் ஒரு சிக்கல். கடல் விராலுக்குத் தீனி சிறு மீன். சிறு மீனைக் கொட்டிப் பெரிய மீனை வளர்த்தால் உணவு பெருகுமா?

கடற்பாசிக்கு இந்தத் தொல்லை இல்லை. தீனி வேண்டாம், வெயிலும் கடல் நீரும் போதும். ராமநாதபுரம் கரையில் பெண்கள் பலர் மிதவை கட்டிப் பாசி வளர்த்துப் பிழைக்கிறார்கள். ஐஸ்கிரீம் போன்ற பண்டங்களைக் கெட்டியாக்கும் சத்து அதிலிருந்து கிடைக்கிறது. இதிலும் கவனம் தேவை. வெளிநாட்டுப் பாசி ஒன்று மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் மேல் படர்ந்ததும் உண்டு.

வீட்டார் செய்ய வேண்டியது

கடைக்குப் போகிறவர் கையிலும் பாதி வழி இருக்கிறது. நெத்திலி பிறவியிலேயே சிறியது, தாராளமாக வாங்கலாம். ஒரு சாண் நீள வஞ்சிரமோ இன்னும் குஞ்சு. அதை வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடிக்கவும் ஆர்வம் குறையும். தடை நாட்களில் ஏரிக் கெண்டையும் விராலும் குழம்புக்கு ருசிதான்.

கடல் அள்ள அள்ளக் குறையாது என்றார்கள் முன்னோர். அவர்கள் அள்ளியது கட்டுமரத்தில். இன்று அள்ளுவது விசைப்படகில். அளவறிந்து அள்ளினால்தான் பேரன் தட்டிலும் மீன் இருக்கும்.