கேம் திணறுகிறதா? கார்ட் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவர் மகனின் கம்ப்யூட்டரில் கேம் திணறித் திணறி ஓடுகிறதாம். கடையில் கேட்டிருக்கிறார்கள். "கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடுங்கள், 35 ஆயிரம் ரூபாய் ஆகும்" என்று பதில் வந்திருக்கிறது. பாதிப் பணத்தைத் தன் சேமிப்பில் இருந்து தருவதாக மகன் சொல்கிறான். "வாங்கிவிடலாமா சார்?" என்று கேட்டார் நண்பர். இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, ஞாயிறு அன்று அவர் வீட்டிற்குச் சென்றேன்.

அவன் விளையாடுவது ஸ்கைரிம். இது 2011 நவம்பர் 11 அன்று வெளியான கேம். 2016 அக்டோபர் 28ல் இதன் ஸ்பெஷல் எடிஷன் வந்தது. அவனிடம் இருப்பது இரண்டாவது பதிப்பு. இதற்கு பெதஸ்டா நிறுவனம் பரிந்துரைத்த கார்ட்களில் ஒன்று 3 ஜி.பி. மெமரி கொண்டது; மற்றொன்று 4 ஜி.பி. கொண்டது. இவன் கார்டில் 4 ஜி.பி. மெமரி இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. பின் ஏன் திணறுகிறது?

"எத்தனை மோட் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "187 அங்கிள்" என்றான்.

மாடிபிகேஷன் என்பதன் சுருக்கம்தான் மோட். கேமைத் தயாரித்த நிறுவனம் அல்லாமல், அதை ரசித்து விளையாடுபவர்கள் தயாரித்துப் பெரும்பாலும் இலவசமாகத் தரும் கூடுதல் பைல்கள் இவை. மலை, மரம், முகம், உடை, ஒளி, ஊர் என எதையும் மாற்றலாம். பழைய கேம் ஒன்று இன்றும் புதிதாகத் தோன்றுவதற்கு இவர்களின் உழைப்பே காரணம். எனவே மோட்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. என் கருத்து ஒன்றுதான். மோட்கள் நிறைந்த கேம் திணறினால் முதலில் செய்ய வேண்டியது அளப்பது. வாங்குவது அதன் பிறகுதான். அளக்காமல் கார்ட் வாங்குவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் விலை உயர்ந்த மருந்தை வாங்குவது போன்றது.

அது உங்கள் கேம்

ஸ்பெஷல் எடிஷனுக்கு ஹார்ட் டிஸ்க்கில் 12 ஜி.பி. இடம் போதும் என நிறுவனம் கூறியது. அந்தப் பையனின் மோட் போல்டர் மட்டும் 90 ஜி.பி.யைத் தாண்டியிருந்தது. அதாவது அவன் விளையாடுவது நிறுவனம் சோதித்து அனுப்பிய கேம் அல்ல. அந்த 187 மோட்களை அதே வரிசையில், அதே செட்டிங்ஸ் வைத்து உலகில் வேறு யாரும் பயன்படுத்தியிருக்க வாய்ப்பே இல்லை. அதைச் சோதிக்கும் பொறுப்பு, அதைத் தொகுத்தவருடையது.

இதை மறந்துவிட்டுப் பலர், வேறு யாரோ எழுதிய செட்டிங்ஸ் வரிகளைத் தங்கள் பைலில் அப்படியே ஒட்டிவிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஸ்கைரிம் ஐ.என்.ஐ. பைலில், நம்மைச் சுற்றி எத்தனை கட்டம் நிலப்பரப்பு முழு விவரத்துடன் இயங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் யுகிரிட்ஸ்டுலோட் என்ற வரி உண்டு. இதன் மாறா நிலை மதிப்பு 5. அதாவது ஐந்துக்கு ஐந்து என 25 கட்டங்கள். இதை 7 ஆக்கினால் 49 கட்டங்கள். எண்ணில் இரண்டுதான் கூடுகிறது. வேலையோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அந்த நிலையில் சேவ் செய்த ஆட்டத்தை மீண்டும் 5க்குக் கொண்டு வருவதும் எளிதல்ல. இந்தப் பையனும் 7 என்று வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "எல்லோரும் வைக்கச் சொன்னார்கள்" என்றான்.

முதலில் எளிய சோதனைகள்

மோட்களுக்குச் செல்லும் முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் எனில் மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டுள்ளதா? மதர்போர்டில் உள்ள துளையில் செருகினாலும் படம் வரும். ஆனால் பிராசசருடன் வரும் சிறிய கிராபிக்ஸ் பகுதியிலேயே கேம் இயங்கக் கூடும். லேப்டாப் எனில் சார்ஜர் இணைப்பில் இருக்கிறதா? விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் இந்தக் கேமிற்குத் தனிக் கார்ட் தேர்வு செய்யப்பட்டுள்ளதா? முதல் பத்து நிமிடங்கள் நன்றாக ஓடிப் பின்னரே திணறினால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் கார்ட் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். கேபினட்டைத் திறந்து தூசியைத் துடைத்தால் தீரும் குறைக்கு 35 ஆயிரம் தேவையில்லை.

அறிகுறி ஒன்று, நோய் இரண்டு

திணறல் என்பது ஒரே சொல்தான். ஆனால் அதற்குக் காரணம் கார்டாகவும் இருக்கலாம், பிராசசராகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒரு சோதனை போதும். கேமில் ஒரே இடத்தில், ஒரே சேவ் பைலைத் திறந்து நின்று, விநாடிக்கு எத்தனை பிரேம் வருகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பின் ரெசல்யூசனை 1920x1080ல் இருந்து 1280x720 ஆகக் குறைத்து அதே இடத்தில் மீண்டும் பாருங்கள். கார்ட் வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்தில் இருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. பிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் சுமை கார்டின் மேல் உள்ளது. ஏறத்தாழ அப்படியே நின்றால் சுமை பிராசசரின் மேல். அப்போது எவ்வளவு விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் அந்த இடத்தில் பெரிதாக எதுவும் மாறாது.

ஒன்றை நினைவில் கொள்ளவும். இந்தக் கேமில் உச்ச வரம்பு 60 பிரேம். பொருட்கள் விழுவது, உருள்வது போன்றவற்றின் கணக்கு பிரேம் வேகத்துடன் பிணைக்கப்பட்டிருப்பதால், வரம்பை அப்படியே நீக்கினால் மேஜை மேல் உள்ள பாத்திரங்கள் தாமாகப் பறக்கும். எனவே 60ல் நின்றால் அது குறை அல்ல.

எங்கள் சோதனையில் இரண்டு நோய்களும் இருந்தன. ஊருக்குள் 34 பிரேம் கிடைத்தது. ரெசல்யூசனைக் குறைத்தும் 35தான். அங்கு சுமை பிராசசரின் மேல். வெளியே மலைப் பக்கம் 50 பிரேம் வரை வந்தது. ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் அரை விநாடி உறைந்து நின்றது. டாஸ்க் மானேஜரில் பார்த்தால் கார்ட் மெமரி முழுவதும் நிரம்பி இருந்தது.

மெமரிக் கணக்கு

டெக்ஸ்சர் என்பது பொருட்களின் மேல் போர்த்தப்படும் படம். 4கே டெக்ஸ்சர் ஒன்றில் 4096x4096 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் 64 எம்.பி. தொலைவில் பார்ப்பதற்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் சுமார் 85 எம்.பி. இதையே சுருக்கிய வடிவில், புள்ளிக்கு ஒரு பைட் என வைத்தால் சுமார் 21 எம்.பி. 2கே அளவில் சுருக்கினால் 5 எம்.பி.தான். ஒரு பாறைக்கு ஒரு படம் மட்டும் இருப்பதில்லை. மேடு பள்ளம் காட்ட இன்னொன்றும் இருக்கும். 4 ஜி.பி. எத்தனை பாறைகளில் தீரும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மெமரி நிரம்பினால், மீதம் உள்ளவை கம்ப்யூட்டரின் பொது ராம் மெமரியில் வைக்கப்பட்டு, தேவைப்படும்போது எடுத்து வரப்படுகின்றன. அந்தப் பாதை மிக மெதுவானது. படம் உறைந்து நிற்பது இதனால்தான். சராசரி பிரேம் எண்ணிக்கை இதைக் காட்டாது. 60 பிரேமுக்கு ஒன்றுக்கு 16.7 மில்லி விநாடி. இடையில் ஒன்று மட்டும் 300 மில்லி விநாடி எடுத்தால் சராசரி பெரிதாகக் குறையாது. கண்ணுக்கு மட்டும் தெரியும்.

முழு எச்.டி. மானிட்டரில், கையளவு தெரியும் கூடைக்கு 4கே படம் எதற்கு? அதன் நுணுக்கம் திரையில் தெரியப் போவதே இல்லை. கேதீட்ரல் அசெட்ஸ் ஆப்டிமைசர் என்ற இலவச புரோகிராம், டெக்ஸ்சர்களைச் சுருக்கி அளவையும் குறைத்துத் தரும். மூலப் பைல்களுக்குக் காப்பி எடுத்து வைத்துக் கொண்டு இதனைப் பயன்படுத்தவும்.

பிராசசர் பக்கம் முக்கியமானவை நிழலும் கூட்டமும். ஊருக்குள் மரம், செடி, மனிதர் என மோட்கள் கூட்டக் கூட்ட, வரைய வேண்டிய பொருட்களின் பட்டியலைப் பிராசசர்தான் தயாரிக்க வேண்டும். இதில் பெரும்பகுதியைக் கேம் ஒரே வரிசையில் செய்கிறது. எனவே டாஸ்க் மானேஜரில் பிராசசர் 30 சதவீதம்தான் எனக் காட்டினாலும், அந்த ஒரு கோர் மூச்சு முட்டிக் கொண்டிருக்கலாம். நிழல் விழும் தொலைவைக் குறைத்தால் உடனே பலன் தெரியும்.

பாதி பாதியாகப் பிரியுங்கள்

187 மோட்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது ஆகாத வேலை. பாதியை நிறுத்திப் பாருங்கள். திணறல் போய்விட்டால் குற்றவாளி நிறுத்திய பாதியில் இருக்கிறது. போகவில்லை எனில் மறு பாதியில். அதை மீண்டும் பாதியாக்குங்கள். குற்றவாளி ஒன்று எனில் எட்டுச் சோதனைகளில் பிடித்துவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் இரு பாதியும் திணறும். அப்போது டெக்ஸ்சர், ஒளி, புல், ஊர் என வகை பிரித்துச் சோதிக்கவும். ஒன்றை நம்பி மற்றொன்று இயங்கும் மோட்களைச் சேர்த்தே நிறுத்த வேண்டும். மோட் ஆர்கனைசர் 2 போன்ற புரோகிராமில் தனி புரொபைல் அமைத்து, புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கிச் சோதனை செய்யுங்கள். பல மாதங்கள் ஆடிய சேவ் பைலில் மோட்களை நீக்கிச் சோதித்தால் அந்த ஆட்டமே கெட்டுவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இவ்வளவு வேலை எதற்கு, பணம் இருப்பவர் வாங்கிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். வாங்கட்டும். சுருக்கிய 2கே டெக்ஸ்சர் வைத்தும் மெமரி நிரம்புகிறது, ரெசல்யூசனைக் குறைத்தால் பிரேம் பாய்ந்து ஏறுகிறது, வெப்பமும் சரியாக உள்ளது என்றால் கார்ட் போதவில்லை என்றே பொருள். அப்போது வாங்குவது சரியான முடிவு. அளந்தவருக்கு எத்தனை ஜி.பி. கார்ட் வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். அளக்காதவர் புதிய கார்டை மாட்டிவிட்டு ஊருக்குள் நுழைந்து, அதே 34 பிரேமைப் பார்த்து விழிப்பார்.

அந்தப் பையன் இரண்டு மாலைகளைச் செலவிட்டான். டெக்ஸ்சர்களை 2கே அளவிற்குச் சுருக்கினான். நிழல் தொலைவைப் பாதியாக்கினான். கட்டத்தை 5க்குக் கொண்டு வந்து புதிய ஆட்டம் தொடங்கினான். 22 மோட்களை அவனே வேண்டாம் என்று நீக்கினான். மலைப் பக்கம் உறைதல் நின்றுவிட்டது. ஊருக்குள் 50 பிரேம் வரை வருகிறது. 60 இல்லைதான். "ஏன் 50லேயே நிற்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும் அங்கிள், அதனால் கோபம் வரவில்லை" என்றான்.

சேமிப்பு அவனிடமே இருக்கிறது. அடுத்து என்ன வாங்குவது என்பதை அவனே அளந்து முடிவு செய்வான்.