ஒரு தீவு, இரண்டு பெயர்கள்

படகிலிருந்து இறங்கியதும் எங்களை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். பையில் எலி, எறும்பு, விதை எதுவும் ஒளிந்திருக்கக் கூடாதாம். காலணியில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தேய்த்தெடுத்தேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெலிங்டனுக்குச் சென்ற நான், மாட்டியு/சோம்ஸ் தீவில் கழித்த ஒருநாள் இப்படித்தான் தொடங்கியது.

துவாத்தாரா என்ற அரிய ஊர்வனத்தைப் பார்க்கத்தான் போனேன். அது கண்ணில் படவே இல்லை. வேறு பல விஷயங்கள் பட்டன.

கடலோடி கூப்பே தம் மகளின் பெயரை இத்தீவுக்குச் சூட்டினார் என்பது மாவோரி மரபு (மகளல்ல, உறவுப் பெண் என்போரும் உண்டு). பிறகு நியூசிலாந்து கம்பெனியின் ஜோசப் சோம்ஸ் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 1872 முதல், கப்பலில் நோயுடன் வந்தவர்களை இங்கே தனிமைப்படுத்தினார்கள். இரு உலகப் போர்களின்போதும் ‘எதிரி நாட்டவர்’ என்று பலரை அடைத்து வைத்தார்கள். அருகிலுள்ள மோகோபுனா என்னும் குட்டித் தீவில், தொழுநோயாளி என்று சந்தேகிக்கப்பட்ட கிம் லீ என்ற சீனர் தனியாக விடப்பட்டு, 1904ல் அங்கேயே இறந்தார். மோகோபுனா என்றால் மாவோரி மொழியில் பேரப்பிள்ளை. அது தெரிந்தபின் அந்தப் பாறையைப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

1997ல் இரு பெயர்களும் அதிகாரபூர்வமாயின. 2009ல் தீவே தாரனாக்கி ஃபானுய் மாவோரி மக்களிடம் திரும்பியது. பலகையில் பெயரை எழுதியதோடு நிற்கவில்லை, மண்ணும் வந்து சேர்ந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

நம் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் பள்ளிக் காலத்தில் இருமுறை போயிருக்கிறேன். பொட்டலச் சோறு, விளையாட்டு, செல்ஃபி, அவ்வளவுதான். 1874ல் தொடங்கி அதுவும் கப்பல் பயணிகளைத் தனிமைப்படுத்திய இடமே. என் கொள்ளுத்தாத்தா சிங்கப்பூரில் கால் வைக்குமுன் அங்கே சில நாள் இருந்ததாகப் பாட்டி சொல்வார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. அத்தீவின் மலாய்ப் பெயர் புலாவ் சகிஜாங் பெண்டேரா என்பதையே வெலிங்டன் விடுதி அறையில்தான் தேடித் தெரிந்துகொண்டேன், வெட்கமாக இருந்தது.

பள்ளிச் சுற்றுலாவில் படகு ஏறுமுன் ஆசிரியர்கள் அந்தப் பெயரையும், அங்கே காத்துக் கிடந்தவர்களின் கதையையும் சொல்லவேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். சொல்லாவிட்டால் மாணவர்களாகிய நாம் கேட்கவேண்டும்.

அடுத்த விடுமுறையில் பாட்டியை அங்கே அழைத்துப் போகப்போகிறேன். இத்தனை வருடமாக இங்கே வாழும் அவர், ஒருமுறைகூட அங்கே போனதில்லை.