ஏபி தேர்வில் 5 வாங்கியும் கிரெடிட் இல்லையா?

அமெரிக்க ஹைஸ்கூல்களில் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் ஏபி தேர்வுக் காலம். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம்தான் ஏபி. கல்லூரி முதலாம் ஆண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, தேர்வெழுதி, கல்லூரி கிரெடிட்டை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அங்கே குடியேறிய நம்மவர்கள் சந்தித்தால், ‘உங்க பொண்ணு எத்தனை ஏபி எடுத்திருக்கா?’ என்ற விசாரிப்பு கட்டாயம் வரும்.

1950-களில் தொடங்கிய திட்டம். எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது. கணிதம், வரலாறு, உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சுமார் 40 பாடங்கள். ஒரு தேர்வுக்குக் கட்டணம் 100 டாலரை ஒட்டி வரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. ரிசல்ட் ஜூலையில். மார்க் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் ‘தகுதி உள்ளவர்’ என்று அர்த்தம்.

கணக்கு எளிது. அங்கே இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் தேவை. அதாவது ஒரு செமஸ்டருக்கு 15. ‘கால்குலஸ் பிசி’ தேர்வில் நல்ல மார்க் வாங்கினால், பல கல்லூரிகளில் இரண்டு செமஸ்டர் கணிதத்துக்கான 8 கிரெடிட் கிடைத்துவிடும். இப்படி நாலைந்து பாடங்கள் சேர்ந்தால் ஒரு செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல் செலவு எல்லாமே மிச்சம். கல்விக் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், மார்க் போடுவது காலேஜ் போர்டு. கிரெடிட் கொடுப்பதோ கல்லூரி. டெக்சாஸில் அரசுக் கல்லூரிகள் பொதுவாக 3 மார்க்குக்கே கிரெடிட் தரவேண்டும் என்று 2015-ல் சட்டமே வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 3-ஐ ஏற்கிறது. எம்.ஐ.டி.யில் கால்குலஸ் பிசி-யில் 5 இருந்தால் முதல் கணிதப் பாடத்துக்கு கிரெடிட் உண்டு. கெமிஸ்ட்ரியில் அதே 5 இருந்தாலும் கிடையாது. கால்டெக் ஏபி-க்கு கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மத் கல்லூரி 2014-ல் சேர்ந்தவர்கள் முதல் கிரெடிட்டை நிறுத்திவிட்டது. முதல் நிலைப் பாடத்தைத் தாண்டி அடுத்த வகுப்பில் உட்காரலாம், அவ்வளவுதான். ஆக, சீக்கிரம் பட்டம் முடிக்கும் கனவு பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களில்தான் பலிக்கிறது. பெரிய பெயர் உள்ள இடங்களில், அட்மிஷனுக்கு ‘கஷ்டமான பாடம் எடுத்த பிள்ளை’ என்று காட்டத்தான் அதிகம் உதவும்.

கிரெடிட் கிடைத்தாலும் அது எந்தக் கணக்கில் சேருகிறது என்று பார்க்கவேண்டும். இன்ஜினீயரிங் மாணவருக்கு சைக்காலஜி கிரெடிட், விருப்பப்பாடக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மொத்தம் கூடும், ஆனால் படிக்கவேண்டிய கட்டாயப் பாடம் ஒன்றுகூடக் குறையாமல் போகலாம். இன்னும் கவனமாக இருக்கவேண்டியது டாக்டர் ஆக நினைப்பவர்கள். ஏபி கிரெடிட்டை வைத்து கெமிஸ்ட்ரி, பயாலஜி வகுப்புகளைத் தவிர்த்துவிட்டு, நாலு வருஷம் கழித்து மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தால், அவற்றில் சில அந்த கிரெடிட்டை ஏற்பதில்லை. அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுத்துக் காட்டச் சொல்லும். மிச்சம் பிடித்த இடத்திலேயே செலவு திரும்பி வந்து நிற்கும்.

இதனால்தான் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, சேர நினைக்கும் கல்லூரியின் இணையதளத்தில் ஏபி கிரெடிட் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது. மார்க் தானாகக் கல்லூரிக்குப் போய்ச் சேராது. மாணவர்தான் காலேஜ் போர்டு மூலம் அனுப்பவேண்டும். ஜூன் 20-க்குள் கல்லூரியைக் குறிப்பிட்டுவிட்டால், ஒரு கல்லூரிக்கு இலவசம். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம். சில பல்கலைக்கழகங்களில் மார்க் போய்ச் சேர்ந்தாலும், ‘இந்த கிரெடிட் எனக்கு வேண்டும்’ என்று மாணவரே கோரவேண்டியிருக்கும். எதைக் கோருவது, எதை விட்டுவிட்டு வகுப்பிலேயே உட்கார்ந்து படிப்பது என்பதை, முதல் செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன் கல்லூரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.