கோடையும் கோழித் தீவனமும்

நாமக்கல் ஜில்லாவில் கோடை வந்ததும் முட்டை குறைவதும் கோழிகள் மடிவதும் வருஷந்தோறும் நிகழும் சங்கதிகளாகிவிட்டன. இதை வெயிலின் கொடுமையென்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவது நமக்கு உசிதமாகத் தோன்றவில்லை. வெயிலைத் தடுப்பது நம் வசத்தில் இல்லை. தீவனத்தில் வேண்டிய தாது உப்புகள் உள்ளனவா என்று பரீட்சித்து அறிவது நம் வசத்தில் உள்ளதே.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உஷ்ணம் மிகுந்தால் அது வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடலைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். அவ்விதம் இரைக்கையில் கரியமிலவாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறி இரத்தத்தின் நிலை மாறுகிறது. முட்டையின் ஓடு மெலிகிறது. பண்ணைக்காரர் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. தெரியாதது மற்றொன்றுண்டு. உஷ்ணத்தால் கோழி இரை எடுப்பது குறைகிறது. துத்தநாகம் முதலிய தாதுக்களோ எச்சத்தோடு அதிகமாக வெளியேறுகின்றன. நோயை எதிர்க்கும் உயிரணுக்களை வளர்க்கும் உறுப்புகள் சுருங்குகின்றன. அந்நிலையில் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுத்தாலும் அதன் பலன் குன்றிவிடுகிறது. துத்தநாகமும் செலினியமும் தக்க அளவில் சேர்த்தால் இச்சேதம் ஓரளவு குறையுமென்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஓரளவே என்பதை வற்புறுத்துகிறோம். நிழலும் குளிர்ந்த நீரும் இல்லாத கொட்டகையில் எந்தப் பொட்டலமும் உயிர் காக்காது. செலினியம் மிகுந்தாலோ அதுவே விஷம்.

ஆகவே அளவுதான் பிரதானம். அந்த அளவு யாருக்குத் தெரியும்? முட்டைப் பண்ணைக்காரர் தீவனத்தைத் தாமே அரைத்தாலும் தாது உப்புக் கலவையை விற்பவர் சொல்லை நம்பியே வாங்குகிறார். பல்லடம் பக்கத்தில் ஒப்பந்தத்தின்பேரில் கறிக்கோழி வளர்ப்பவர் நிலை இன்னும் பரிதாபம். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் இவருடையவை. கோழி செத்தால் குறைவது இவருடைய வளர்ப்புக் கூலி. தன் கையில் இல்லாத காரியத்துக்கு ஒருவனைப் பொறுப்பாளியாக்குவது எந்த நியாய சாஸ்திரத்தில் உள்ளதோ, நாம் அறியோம்.

2019 ஜூலையில் மத்திய சர்க்கார் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான பிராணிகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. வேறெதற்கும் அடங்காத கிருமிகளுக்காக மனிதருக்கென்று வைத்திருக்கும் கடைசி மருந்துகளுள் அது ஒன்று. தடை நியாயமானதே. ஆனால், கோழியின் எதிர்ப்புச் சக்தியைத் தீவனத்தால் காக்க வழி செய்யாமல் ஒரு மருந்தை மட்டும் விலக்கினால், அவ்விடத்தில் வேறொரு மருந்து வந்து உட்காரும்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடைகளில் விற்கும் கலவைகளையும் கம்பெனித் தீவனத்தையும் பங்குனி பிறக்குமுன் அங்கே பரீட்சித்து, தயாரிப்பவர் பெயரோடு முடிவுகளைத் தமிழில் பிரசுரிக்கச் சர்க்கார் உத்தரவிட வேண்டும். உஷ்ணத்தால் நேரும் நஷ்டத்தில் கம்பெனிக்கும் பங்குண்டு என்ற ஷரத்து ஒவ்வொரு வளர்ப்பு ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். பள்ளிச் சிறுவர்களின் சத்துணவு முட்டை இந்த ஜில்லாவிலிருந்து போகிறதென்பதைச் சட்டசபை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்களென நம்புகிறோம்.