கடவுளிடம் கோபித்துக்கொள்ளலாமா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

இறைவனோடு நெருங்கி வாழவேண்டும் என்று நாம் கேளாத நாளில்லை. காலைச் செபத்தில் கேட்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் கேட்கிறோம். ஞாயிறு மறையுரையிலும் கேட்கிறோம். நெருங்குவது எப்படி என்று கேட்டால் மட்டும், “நன்றாகச் செபி” என்பதோடு விடை முடிந்துவிடுகிறது. நன்றாகச் செபிப்பது என்றால் என்ன? கண்ணை மூடி, கை குவித்து, மனம் அலையாமல், அழகான சொற்களால் மன்றாடுவது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் கருத்து வேறு. கடவுளிடம் உண்மையைப் பேசுவதே நெருக்கத்தின் முதற்படி. அந்த உண்மை கோபமாக இருந்தாலும் சரியே.

அன்புத் தோழியரே, அவசரப்பட்டு என்னைத் தலைமையாசிரியைச் சகோதரியிடம் அழைத்துச் சென்றுவிடாதீர்கள்! சொல்ல வந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் சிற்றாலயத்தில் முழந்தாளிட இடம் கிடைப்பதில்லை. கணக்குத் தேர்வன்று எரியும் மெழுகுதிரிகளை எண்ணி முடியாது. ஜூன் மாதம் அங்கே போய்ப் பாருங்கள், பெஞ்சுகள் மட்டுமே இருக்கும். கேட்பதில் தவறில்லை, கேளுங்கள் என்று சொன்னவரே நம் ஆண்டவர்தான். ஆனால் பணம் வேண்டும்போது மட்டும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் மகனைப் பற்றி ஒரு தாய் என்ன நினைப்பாள்?

இது எல்லோரும் அறிந்த கதை. இதைவிடக் கனமான ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். என் தோழி ஒருத்தியின் தந்தை சென்ற ஆண்டு கடுமையாக நோயுற்றார். (அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.) வீட்டார் அனைவரும் நவநாள் செய்தார்கள். வகுப்பில் நாங்களும் நாள்தோறும் செபமாலை சொன்னோம். அவர் இறந்துவிட்டார். அதன்பின் அவள் சிற்றாலயத்துப் பக்கமே வரவில்லை. ஒருநாள் கேட்டபோது, “கடவுளிடம் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னால் பாவம் என்கிறார்கள்” என்றாள்.

துக்கத்துக்கு வந்த பெரியவர்கள், “எல்லாம் கடவுள் சித்தம் அம்மா, முணுமுணுக்கக் கூடாது” என்று சொல்லிச் சென்றிருந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும் மனத்தில் இருக்கும் ஒரே சொல்லையும் தடுத்துவிட்டால், அவள் எதைக் கொண்டு கடவுளோடு பேசுவாள்? நம் வீடுகளையே எண்ணிப் பாருங்கள். அம்மாவிடம் சண்டை போடும் மகள் அம்மாவைவிட்டு விலகிப் போகவில்லை. “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளே விலகிப் போகிறாள்.

விவிலியம் என்ன சொல்கிறது? யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். லாசர் நோயுற்றிருக்கிறார் என்று அவருடைய சகோதரிகள் மார்த்தாவும் மரியாவும் இயேசுவுக்குச் சொல்லியனுப்புகிறார்கள். செய்தி கிடைத்தும் அவர் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறார். பெத்தானியாவுக்கு அவர் வரும்போது லாசரைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தா என்ன செய்தாள்? ‘ஆண்டவர் சித்தம்’ என்று மூலையில் உட்காரவில்லை. ஊருக்குள் அவர் நுழையும் முன்பே எதிர்கொண்டு போய், வரவேண்டிய நேரத்தில் அவர் வராமற்போனதை முகத்துக்கு நேரே சொன்னாள். சற்றுநேரத்தில் மரியாவும் வந்து, அவர் காலடியில் விழுந்து, அதே குறையைச் சொன்னாள். நான்கு நாளும் இருவரும் வீட்டில் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள் போலும்!

இயேசு இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மரியா அழுதபோது அவரும் அழுதார். இன்னொன்றையும் கவனியுங்கள். உயிர்த்தெழுதலும் வாழ்வும் தாமே என்ற மாபெரும் உண்மையை அவர் வெளிப்படுத்தியது, அப்படி முறையிட்டு நின்ற மார்த்தாவிடந்தான்.

லாசர் எழுந்தார், என் தோழியின் அப்பா எழவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதை நான் மழுப்பப் போவதில்லை. அதனால்தான் 88-ஆம் திருப்பாடலையும் படியுங்கள் என்கிறேன். துயரத்தைக் கொட்டும் திருப்பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கையோடு முடியும். இதுவோ இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை ஒதுக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு இதையே வைத்திருக்கிறது. அன்று மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு துறவியும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கோ அழுதுகொண்டிருக்கும் ஒருத்தியின் சார்பில் அவர் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம்முள் பலருக்குக் கோபம்கூட இல்லை, செபத்தில் சலிப்புத்தான். அவர்களுக்காகப் புனித குழந்தை தெரேசம்மாளை அழைக்கிறேன். பிரான்சு நாட்டில் 1873-இல் பிறந்த இவர், நம் வயதில், அதாவது பதினைந்து வயதில், லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். ரோசாப்பூக்களோடு அவரைப் படத்தில் பார்க்கிறோம். அவருடைய தன்வரலாற்றில் காண்பவரோ வேறு. தியான நேரத்தில் தாம் தூங்கிவிடுவதை அவரே எழுதியிருக்கிறார்! விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிள்ளைகள்மேல் பெற்றோருக்கு ஒரே அன்புதானே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். தனியே செபமாலை சொல்வது தமக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நாலரை வயதில் தாயை இழந்தவர். மடத்தில் சேர்ந்த அடுத்த ஆண்டே தந்தை மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதைக் கண்டவர். 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் காலத்திலிருந்து, விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற இருள் அவரைச் சூழ்ந்தது. 1897-இல், 24-ஆம் வயதில், காசநோயால் இறக்கும்வரை அந்த இருள் விலகவில்லை. அவரும் செபத்தை விடவில்லை. 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. தியானத்தில் தூங்கியவரைத்தான்!

அவர் பெயரையே தம் துறவறப் பெயராக ஏற்ற கல்கத்தா அன்னை தெரசாவும் பல்லாண்டுகள் இறைவனின் அருகாமையை உணராமலே உழைத்தார் என்பதை, 2007-இல் வெளிவந்த அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. ஆகவே, உள்ளத்தில் இனிமை பொங்கினால்தான் கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற கணக்கை நாம் விட்டுவிடலாம். மனப்பாடமான செபங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. சொந்தச் சொல் எதுவும் வராத நாளில் அவைதான் நமக்குக் கைகொடுக்கும்.

என் தோழியிடம் நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அந்த 11-ஆம் அதிகாரத்தை மட்டும் படிக்கச் சொன்னேன். “மார்த்தாவை எனக்குப் பிடித்திருக்கிறது” என்றாள். இப்போது சில நாள்களில் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காருகிறாள். செபப் புத்தகம் எடுத்து வருவதில்லை.

நம் சகோதரிகளிடம் பணிவான வேண்டுகோள் ஒன்று. ஆண்டுத் தியானத்தில் பாட்டும் பிரசங்கமும் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து அரைமணி நேரத்தை எங்களுக்கு விட்டுத் தாருங்கள். யாரும் பேசவேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். மதிய உணவு இடைவேளையில் பூட்டப்படும் சிற்றாலயக் கதவையும் திறந்து வையுங்கள். பிற சமயத் தோழியரும் அமைதியாக உட்கார இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்துவைத்தால் காவலுக்கு ஆள் வேண்டுமே என்பீர்கள். நாங்கள் இவ்வாண்டோடு வெளியேறுகிறோம். ஆனால் ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் பேசிவிட்டோம். நாளுக்கு இருவராக முறைவைத்து அமர அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.