பின்கதவில் மின்னும் பெயருக்கு நாம் கொடுக்கும் விலை

ஜும்ஆ தொழுகை முடிந்தபின் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளிவாசல் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். புதிய பிக்கப் டிரக் ஒன்று வந்து நின்றால் நம் சகோதரர்கள் அதைச் சூழ்ந்துகொள்வார்கள். "மாஷா அல்லாஹ்" என்னும் வாழ்த்தை அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த டிரிம்?" எவ்வளவு சுமை தாங்கும் என்று எவரும் கேட்பதில்லை. எதை ஏற்றப் போகிறீர்கள் என்றும் கேட்பதில்லை. எப்படிப் பணம் கட்டினீர்கள் என்ற கேள்வியோ நாகரிகம் கருதி எழுவதே இல்லை. கேட்கப்படாத அந்த மூன்று கேள்விகளையும் இங்கே கேட்க விரும்புகிறோம்.

அமெரிக்கச் சந்தையில் முழு அளவுப் பிக்கப்கள் ஒவ்வொன்றும் ஓர் ஏணியாகவே விற்கப்படுகின்றன. ஃபோர்டு எஃப்-150 எக்ஸ்எல் என்னும் அடிப்படியில் தொடங்கி, எக்ஸ்எல்டி, லேரியட், கிங் ராஞ்ச், பிளாட்டினம் என்று ஏறிச் செல்கிறது. செவர்லே சில்வராடோ ஒர்க் டிரக்கில் தொடங்கி ஹை கன்ட்ரி வரை செல்கிறது. ராம் 1500 டிரேட்ஸ்மேனில் தொடங்குகிறது. டொயோட்டா டன்ட்ரா எஸ்ஆர் படியில் தொடங்கிக் கேப்ஸ்டோனில் முடிகிறது. இந்தப் படிகளைத்தான் டிரிம் என்கிறோம். அடியில் இருப்பதற்கும் உச்சியில் இருப்பதற்கும் அடிச்சட்டகம் ஒன்றே; எஞ்சின்கூடப் பல வேளைகளில் ஒன்றே. மாறுபடுவன இருக்கை, திரை, சக்கரம், கூரை, ஒலிபெருக்கி, பின்கதவில் பதித்த பெயர் ஆகியவை. ஒரே அளவு கேபின், ஒரே இயக்க முறை என்று எடுத்துக்கொண்டாலும் அடிப்படிக்கும் மேற்படிக்கும் இடையே இருபதாயிரம் டாலருக்கும் மேற்பட்ட வேறுபாடு இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

நம் வாதம் எளியது. நமக்குத் தேவையான வேலையைக் குறைவின்றிச் செய்யும் படிகளுள் மிகக் கீழே இருப்பதே சரியான படி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியும் டிரக்கை டிரக்காக இருக்க விடாமல் செய்கிறது. நம்மில் பலரை வட்டியின் வாசலுக்கும் கொண்டு சேர்க்கிறது.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். கிங் ராஞ்ச் என்பது 1853-இல் தென் டெக்சாஸில் தோன்றிய, சுமார் 8,25,000 ஏக்கர் பரப்புள்ள மாட்டுப் பண்ணையின் பெயர். 2001-ஆம் ஆண்டு மாடல் முதல் ஃபோர்டு அந்தப் பெயரை எஃப்-150 மீது பதித்து வருகிறது. டன்ட்ராவின் 1794 பதிப்பு, சான் அன்டோனியோவில் டொயோட்டாவின் தொழிற்சாலை எழுந்த நிலத்தில் 1794-இல் நிறுவப்பட்ட பண்ணையை நினைவூட்டுவது. டெனாலி என்பது அலாஸ்காவில் உள்ள மலை. எல்லாவற்றிலும் சுவையானது ராம் நிறுவனத்தின் பிக் ஹார்ன். அதே படி டெக்சாஸில் மட்டும் லோன் ஸ்டார் என்னும் பெயரில் விற்கப்படுகிறது. மாநில எல்லையைக் கடந்ததும் பெயர் மாறுகிறதென்றால், அந்தப் பெயர் வாகனத்தைப் பற்றிப் பேசவில்லை. வாங்குகிறவரின் உள்ளத்தைப் பற்றிப் பேசுகிறது. பண்ணையும் மந்தையும் இல்லாத நாம் பண்ணையாரின் பெயருக்கு எதற்காக விலை கொடுக்கிறோம்?

இரண்டாவது, சுமை. டிரக்கின் தகுதியை அறிய வேண்டுமானால் பின்கதவைப் பார்க்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு பொருந்தும் தூணில் ஒட்டியுள்ள சிறு சீட்டைப் படியுங்கள். ஆட்கள், பொருள்கள் ஆகியவற்றின் மொத்த எடை இவ்வளவைத் தாண்டக்கூடாது என்று அதில் பவுண்டிலும் கிலோவிலும் எழுதியிருக்கும். அந்த எண் அந்த மாடலுக்குப் பொதுவானதன்று. நீங்கள் தொட்டு நிற்கும் அந்த வாகனத்துக்கே உரியது. வாகனத்தின் மொத்த எடைக்குச் சட்டகம், அச்சு, டயர் ஆகியவற்றால் ஓர் உச்சவரம்பு உண்டு. வாகனத்தின் சொந்த எடையை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே சுமைத்திறன். கண்ணாடிக் கூரை, மின்விசை இருக்கைகள், பெரிய சக்கரங்கள் என்று மேற்படிகளில் சேரும் ஒவ்வொன்றும் வாகனத்தின் எடையைக் கூட்டுகிறது. கூடிய எடை சுமைத்திறனிலிருந்தே கழிகிறது. ஆகவே, எஞ்சினும் கேபினும் ஒன்றாக இருக்கையில், கூடுதல் விலை கொடுத்தவர் பெரும்பாலும் குறைந்த சுமையையே ஏற்ற இயலும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சீட்டில் 1,400 பவுண்டு என்று எழுதியுள்ள மேற்படி டிரக் ஒன்றில் தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் ஏறுகிறார்கள். எல்லோருமாக 600 பவுண்டு. பின்னால் 7,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லர். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுவைக் கொக்கியின் மீது அழுத்துவது பாதுகாப்பான ஓட்டத்துக்குத் தேவை. 12 விழுக்காடு என்று வைத்தால் 840 பவுண்டு. கூட்டினால் 1,440. பெட்டியில் ஒரு பையைக்கூட இன்னும் வைக்கவில்லை. அதற்குள் வரம்பு மீறிவிட்டது. விளம்பரத்தில் காணும் பெரிய இழுவைத்திறன் எண்ணோ, தலா 150 பவுண்டுள்ள ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே அமர்ந்திருப்பார்கள் என்ற கணக்கில் பிறந்தது; நம் குடும்பங்களின் அளவு அதற்குத் தெரியாது. அதே குடும்பம் 1,800 பவுண்டுச் சீட்டுள்ள எளிய டிரக்கில் சென்றால் 360 பவுண்டு மீதம் இருக்கும்.

கண்ணால் கண்டதையும் சொல்ல வேண்டும். பெருநாள் திடலுக்குப் பாய்களைக் கொண்டு செல்லவும், இஃப்தாருக்கு நாற்காலிகளை ஏற்றவும், குர்பானிக்குப் பண்ணையிலிருந்து ஆடுகளைக் கொண்டுவரவும் ஆள் தேடும்போது முன்வருவது யாருடைய டிரக்? துணியிருக்கையும் கழுவித் துடைக்கக்கூடிய வினைல் தரையும் கொண்ட பழைய ஒர்க் டிரக்தான். இருபத்திரண்டு அங்குலச் சக்கரத்தின் மீது பளபளத்து நிற்கும் வாகனத்தின் உரிமையாளருக்கு ஒரு கீறல் விழுந்துவிடுமோ என்ற கவலை. அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. அவ்வளவு விலை கொடுத்த பொருளின் மீது எவருக்கும் ஆட்டை ஏற்ற மனம் வராது. பொருள் நமக்குப் பணிபுரிவது நின்று, நாம் பொருளுக்குக் காவலிருக்கத் தொடங்கும் இடம் அது.

மூன்றாவது, பணம் கட்டும் வழி. நாம் அறிந்த சகோதரர் ஒருவர் வட்டியில் விழக்கூடாது என்ற உறுதியோடு ஆண்டுக்கணக்கில் சேமித்தார். நடுத்தரப் படி டிரக் ஒன்றை முழுப் பணமும் கட்டி வாங்கும் அளவு கையில் இருந்தது. விற்பனையகத்தில் அவர் கேட்டது இல்லை. அதற்கு மேற்பட்டதுதான் வரிசையாக நின்றது. "இன்னும் கொஞ்சம்தான், மாதம் முந்நூறு டாலர்" என்றார்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு அருகிலேயே தோன்றுமாறு அமைந்ததே இந்த ஏணியின் சூட்சுமம். அவர் 84 மாதக் கடன் தாளில் கையொப்பமிட்டு வெளியே வந்தார்.

அந்த முந்நூறு டாலரை விரித்துப் பார்ப்போம். கூடுதலான 20,000 டாலரை 7 விழுக்காடு வட்டியில் 84 மாதங்களுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 302 டாலர். ஏழாண்டு முடிவில் வட்டியாக மட்டும் 5,300 டாலருக்கு மேல் போயிருக்கும். வட்டி விலக்கப்பட்டது என்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. கடும் தேவை உண்டென்று கூறி வாகனக் கடனுக்குச் சலுகை தேடுவோர் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் இங்கே நுழையவில்லை. ஆனால் வேலைக்குச் செல்ல வாகனம் வேண்டும் என்பவர் சொல்லும் காரணத்தைக் கண்ணாடிக் கூரைக்கும் தோல் இருக்கைக்கும் எவ்வாறு பொருத்துவது? அடிப்படி டிரக் கைப்பணத்துக்கு எட்டியிருந்தபோது மேற்படிக்காகக் கடன் பெற்றவர், தேவைக்காகக் கடன் பெற்றேன் என்று சொல்ல இயலாது.

இதற்கு எழும் மறுப்புகளை நாம் அறிவோம்.

"இறைவன் தந்த அருளை வெளிக்காட்டுவது தவறா?" என்பார்கள். தவறில்லை. கையில் உள்ள செல்வத்திலிருந்து, கடமையான ஜகாத்தையும் கொடுத்து, பெருமையின்றி நல்ல வாகனம் வாங்கும் சகோதரரை நாம் பழிக்கவில்லை. ஏழாண்டுத் தவணையில் நிற்கும் வாகனம் வெளிக்காட்டுவது கடன் கொடுத்தவரின் செல்வத்தை அல்லவா?

"பாதுகாப்பு வசதிகள் மேற்படியில்தானே உள்ளன?" என்பார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆகவே அளந்து பதில் சொல்ல வேண்டும். பின்னோக்குக் கேமரா 2018 மே மாதம் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய இலகு வாகனங்களிலும் கட்டாயம். அதற்காக எவரும் மேலேற வேண்டியதில்லை. மோதலைத் தவிர்க்கத் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பும் இன்று பல அடிப்படி டிரக்குகளில் உண்டு. பக்கவாட்டில் கண்ணுக்கு மறைந்து வரும் வாகனத்தைச் சுட்டிக்காட்டும் அமைப்புக்குச் சில மாடல்களில் ஒரு படி மேலேற வேண்டியிருக்கலாம். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு செல்பவர் அதற்காக ஏறினால் அது வீண்விரயம் ஆகாது என்பதே நம் கருத்து. அந்த ஒரு படியைக் காரணம் காட்டி நான்கு படி ஏறுவதைத்தான் எதிர்க்கிறோம்.

"விற்கும்போது நல்ல விலை கிடைக்குமே?" என்பார்கள். பழைய வாகனம் வாங்குபவர் முதலில் பார்ப்பது ஓடிய மைல்களையும் வாகனத்தின் நிலையையும். புதிதாக இருந்தபோது இருக்கைத் தோலுக்கும் திரைக்கும் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வருவதில்லை. தேய்மானத்தில் கரையப்போகும் பணத்தைச் சேமிப்பு என்று அழைக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துப் பிழையையும் சுட்டிக்காட்டுவது நம் கடமை. விலை குறைவு என்ற ஒன்றுக்காகவே நிறுத்துமிடத்தில் கிடைத்த அடிப்படி டிரக்கை வாங்குவதும் அறிவுடைமையன்று. டிரெய்லர் இழுக்க வேண்டியவர் இழுவைக் கொக்கி, டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி, பொருத்தமான அச்சு விகிதம் ஆகியவற்றோடு வாங்காவிட்டால் பின்னர் அதிகமாகச் செலவழிப்பார். அச்சு விகிதத்தைப் பின்னர் மாற்றுவதோ எளிதன்று. நாள்தோறும் பல மணிநேரம் சாலையில் கழிப்பவருக்கும், முதுகுவலியுள்ள தாயை அழைத்துச் செல்பவருக்கும் நல்ல இருக்கை தேவையே. தேவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை வீட்டில் அமர்ந்து நாமே முடிவு செய்ய வேண்டும். விற்பனையகத்தின் குளிர்ந்த அறையில் பிறர் முடிவு செய்ய விடக்கூடாது.

எனவே சகோதரர்களே, புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். எத்தனை பேர் ஏறுவார்கள்? எதை ஏற்றுவீர்கள், எதை இழுப்பீர்கள், ஆண்டில் எத்தனை நாள்? வட்டியின்றி எவ்வளவு கட்ட முடியும்? பிறகு ஏணியின் அடியிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். உங்கள் தேவைகள் அனைத்தும் நிறைவேறும் முதல் படியில் நின்றுவிடுங்கள். உச்சியிலிருந்து கீழ்நோக்கி வந்தால் ஒவ்வொரு படியும் இழப்பாகவே தோன்றும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு புதிய காரின் ஜன்னலிலும் விலைச்சீட்டு ஒட்டப்பட வேண்டும். பிக்கப்களிலும் அந்தச் சீட்டைக் காணலாம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று அதை வரிவரியாகப் படியுங்கள். வேண்டியது அங்கே இல்லையென்றால் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருங்கள். சில மாதப் பொறுமை, ஏழாண்டுத் தவணையைவிட இலேசானது.

அந்தச் சகோதரரின் டிரக் இன்றும் நம் பள்ளிவாசல் முற்றத்தில் அழகாகத்தான் நிற்கிறது. சென்ற பெருநாளில் பாய்களை ஏற்ற அதைக் கேட்டோம். வேலைநேரத்தைக் கூட்டிக்கொண்டதால் அன்று அவரால் வர இயலவில்லை. தவணை இருக்கிறது என்றார்.

தேவையையும் ஆசையையும் பிரித்தறியும் தெளிவையும், ஹலாலான வழியில் கிடைப்பதில் மனநிறைவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.