முகாமுக்கு நாள் கொடுப்பது யார்?

2023 செப்டம்பர் 21 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வங்கதேசத்துக்கு எதிராக 85ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பெனால்ட்டி அடித்தார். இந்தியா 1-0 என வென்றது. அன்று மாலையே கொச்சியில் இந்தியன் சூப்பர் லீகின் புதிய சீசன் தொடங்கியது. தொடக்க ஆட்டத்தில் இறங்கிய இரண்டு அணிகளில் ஒன்று சேத்ரியின் கிளப்பான பெங்களூரு எஃப்சி. கேப்டன் இல்லாமல் ஆடி, கேரளா பிளாஸ்டர்ஸிடம் 2-1 எனத் தோற்றது. தேசிய அணியும் லீகும் ஒரே நாளில் ஒரே ஆட்டக்காரரைக் கேட்டு நின்ற அந்த நாளிலிருந்துதான் இந்திய அணியின் கடந்த சில வருடங்களைப் படிக்கத் தொடங்க வேண்டும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு சீனாவுடன் நடந்த ஆட்டத்தை நம் பயிற்சியாளர்கள் இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். அணி ஹாங்சோ போய்ச் சேர்ந்ததே முந்தைய நாள்தான். சேர்ந்து பயிற்சி செய்ய நேரமில்லை. அப்படியிருந்தும் முதல் பாதியில் கோல்கீப்பர் குர்மீத் சிங் ஒரு பெனால்ட்டியைத் தடுத்தார். இடைவேளைக்குச் சற்று முன் வலது ஓரத்தில் பந்தைத் துரத்திப் போன ராகுல் கே.பி., கோல் அடிக்க வாய்ப்பே இல்லை என்று தோன்றும் குறுகிய கோணத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். இடைவேளையில் 1-1. இரண்டாம் பாதியில் மட்டும் நான்கு கோல் வாங்கி 5-1 எனத் தோற்றோம். திறமை முதல் பாதியில் தெரிந்தது. தயாரிப்பு இல்லாதது இரண்டாம் பாதியில் தெரிந்தது. உடல்தகுதிப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த அணியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே பெரிய பாடு. தரவரிசை விதியைக் காட்டி கால்பந்து அணிக்கு முதலில் அனுமதி இல்லை என்றார்கள். பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பிரதமருக்கே வெளிப்படையாக வேண்டுகோள் வைத்தார். விளையாட்டு அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. அதன் பிறகு கிளப்கள் ஆட்டக்காரர்களை விட மறுத்தன. ஆசிய விளையாட்டுப் போட்டி, தேசிய அணிகளுக்கென ஃபிபா ஒதுக்கும் விண்டோவுக்குள் வருவதில்லை, ஆகவே ஆளை அனுப்ப வேண்டிய கட்டாயம் கிளப்புக்கு இல்லை. ஆகஸ்டில் அறிவித்த பட்டியல் செப்டம்பரில் அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருந்தது.

இந்த விஷயத்தில் ஸ்டிமாச்சின் பக்கம் நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து. நாட்கள் கிடைத்தபோது அவர் என்ன செய்தார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. 2022 ஜூனில் கொல்கத்தாவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு முன் நீண்ட முகாம் கிடைத்தது. கம்போடியா, ஆப்கானிஸ்தான், ஹாங்காங் மூன்றையும் வென்றோம். 2023இல் சீசன் முடிந்ததும் மே மாதமே புவனேஸ்வரில் கூடினார்கள். லெபனானை வென்று இன்டர்கான்டினென்டல் கோப்பை, குவைத்தை வென்று சாஃப் கோப்பை, ஜூலையில் ஃபிபா தரவரிசையில் 99ஆம் இடம். பந்தை இழந்தவுடன் மூன்று பேர் ஒன்றாக நெருக்கும் பழக்கமும், பின்வரிசை ஒரே கோட்டில் மேலேறும் பழக்கமும் ஒன்பது நாள் விண்டோவில் வருவதில்லை. பயணத்துக்கு ஒரு நாள், ஞாயிறு ஆடியவர் கால் தேற இரண்டு நாள், ஆட்டத்துக்கு முந்தைய நாள் லேசான ஓட்டம் என்று கழித்தால் தந்திரப் பயிற்சிக்கு மிஞ்சுவது எத்தனை மணி நேரம் என்று தேசிய அணியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஸ்டிமாச் எல்லாத் தோல்வியையும் இந்த ஒரே கணக்கில் எழுதினார். அதை ஏற்க முடியாது. 2023 நவம்பரில் குவைத் மண்ணிலேயே குவைத்தை 1-0 என வென்ற அணிக்கு நீண்ட முகாம் எதுவும் கிடைத்திருக்கவில்லை. லீக் ஆடிய காலோடு, விண்டோவுக்குள் சேர்ந்து போய் வென்றார்கள். 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 எனத் தோற்றதற்கும் கிளப்களைக் குற்றம் சொல்ல வழியில்லை. சொந்த மண், முன்னிலையும் நம் கையில் இருந்தது. பயிற்சியாளர் ஒரே குறையைத் திரும்பத் திரும்ப ஊடகத்தில் சொல்லும்போது, உண்மையான குறையைச் சொல்லும் நாளில் கேட்க ஆள் இருப்பதில்லை. 2024 ஜூனில் பதவி நீக்கப்பட்டபோது அவருக்கு நடந்தது அதுதான்.

கிளப்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நம் இதழில் போதுமான அளவு எழுதியதில்லை. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது கிளப். 2023 செப்டம்பரில் தாய்லாந்து கிங்ஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடிய ஆஷிக் குருணியன் முழங்கால் தசைநார் அறுந்து அந்த சீசனையே இழந்தார். நட்டம் மோகன் பகானுக்கு. விண்டோவுக்குள் தேசிய அணிக்கு ஆடிக் காயம்பட்டால் ஃபிபாவின் காப்பீட்டுத் திட்டம் ஓரளவு கைகொடுக்கும். விண்டோவுக்கு வெளியே நடக்கும் முகாமில் அடிபட்டால் யார் பொறுப்பு? எழுத்தில் பதில் இல்லாதவரை எந்த கிளப் மேலாளரும் தயங்கத்தான் செய்வார். 2025 ஆகஸ்டில் புதிய தேசியப் பயிற்சியாளர் காலித் ஜமீலின் முதல் முகாமுக்கு மோகன் பகான் ஆள் அனுப்பாதபோது தேசபக்தி இல்லை என்று பலர் பேசினார்கள். அந்தப் பேச்சால் ஒரு பயனும் இல்லை. காப்பீட்டுப் பத்திரம் ஒன்று இருந்திருந்தால் பயன் இருந்திருக்கும்.

பிரச்சினையின் வேர் பணம் போன வழியில் இருக்கிறது. 2010இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்குக் கொடுத்துவிட்டது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் அளவில் பணம் வந்தது. அந்த உரிமையின் கீழ் லீகை நடத்தியது எஃப்எஸ்டிஎல் நிறுவனம். தேசியப் பயிற்சியாளரை நியமிப்பது சம்மேளனம், அந்தச் சம்மேளனத்தின் செலவுக்குப் பணம் வந்தது லீக் நடத்தியவரிடமிருந்து. பயிற்சியாளர் பத்து நாள் கூடக் கேட்டால், அந்தக் கோரிக்கையைச் சம்மேளனம் எந்தக் குரலில் கொண்டுபோயிருக்கும்? அட்டவணை தயாராகும் மேஜையில் தேசியப் பயிற்சியாளருக்கு நாற்காலியே போடவில்லை. முடிந்த அட்டவணைதான் அவர் கைக்கு வந்தது. 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பைக்கு முன் டிசம்பர் கடைசி வரை லீக் ஆட்டங்கள் நடந்தன. ஜனவரி 13 அன்று ஆஸ்திரேலியாவுடன் முதல் ஆட்டம். மூன்று ஆட்டம், ஆறு கோல் வாங்கினோம், ஒன்றுகூட அடிக்கவில்லை.

அந்தப் பூஜ்யத்துக்கு முகாம் நாட்கள் மட்டும் காரணமில்லை. இதைத்தான் பயிற்சியாளர்களான நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். 2014இல் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். பிறகு ஐந்து, 2021-22இலிருந்து நான்கு. எண்ணிக்கை குறைந்தாலும் கிளப்கள் அந்த இடங்களில் ஒன்றை ஸ்ட்ரைக்கருக்கே கொடுத்தன. முதல் சீசனில் சென்னையின் எலானோவிலிருந்து 2024-25இல் 23 கோல் அடித்த அலாவுதீன் அஜாராய் வரை, அதிக கோலுக்கான கோல்டன் பூட்டை ஓர் இந்தியர்கூட வாங்கியதில்லை. அந்த 2024-25 சீசனில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் 40 வயது சேத்ரி, 14 கோல். ஓய்வு அறிவித்துவிட்டுப் போனவரை அப்போதைய தேசியப் பயிற்சியாளர் மனோலோ மார்க்வேஸ் திரும்ப அழைத்தது இதனால்தான். 22 வயது இந்திய ஸ்ட்ரைக்கர் கிளப்பில் விங்கராக ஆடி, தேசிய முகாமில் மட்டும் ஒன்பதாம் எண்ணாக ஆடினால், எத்தனை நாள் முகாம் கொடுத்தும் என்ன கிடைக்கும்?

மார்க்வேஸ் சோதனையையும் சொல்லிவிட வேண்டும். லீகுக்கும் தேசிய அணிக்கும் சண்டையா, லீக் பயிற்சியாளரையே தேசியப் பயிற்சியாளராக்கிவிடலாம் என்று 2024இல் முடிவெடுத்தார்கள். எஃப்சி கோவாவையும் இந்தியாவையும் அவர் ஒரே சீசனில் பார்த்துக்கொண்டார். கோவா 2025 மே மாதம் சூப்பர் கோப்பை வென்றது. இந்தியா எட்டு ஆட்டத்தில் ஒன்றில் மட்டும், மாலத்தீவுக்கு எதிராக, வென்றது. ஒரே மனிதர், ஒரே அறிவு. நாள்தோறும் ஆட்டக்காரர்களோடு இருந்த அணி வென்றது, சில மாதத்துக்கு ஒருமுறை சந்தித்த அணி தோற்றது. ஆளை மாற்றியும் அட்டவணையை மாற்றாத சோதனை அது.

பிறகு 2025 ஜூலையில் லீகே நின்றுபோனது. டிசம்பரில் முடியவிருந்த உரிமை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வழி காணவில்லை. சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்திவைத்தன. லீக் ஆட்டம் இல்லாத கால்களோடு அக்டோபரில் ஜமீலின் அணி சிங்கப்பூரைச் சந்தித்தது. அங்கே 1-1, மட்காவில் 1-2. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு அத்துடன் போனது. லீகைத் தொந்தரவாகப் பார்த்த எல்லோருக்கும் இது பதில். மூன்று வாரம் முகாமில் வைத்துப் பந்து ஆட வைக்கலாம். வாரா வாரம் தோல்விப் பயத்தோடு ஆடும் 90 நிமிடத்தை முகாமில் உண்டாக்க முடியாது.

புதிய ஒப்பந்தம் எழுதப்படும்போது மூன்று விஷயம் உள்ளே வர வேண்டும். சீசன் அட்டவணை வெளியாகும் முன் தேசியப் பயிற்சியாளரின் கையெழுத்து. விண்டோவுக்கு வெளியே நடக்கும் முகாமுக்குச் சம்மேளனம் கட்டும் காயக் காப்பீடு. 23 வயதுக்குட்பட்ட இந்திய முன்கள ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்ச ஆட்ட நிமிடங்கள். கிளப்கள் கடைசி ஒன்றைத்தான் எதிர்க்கும், அதனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் பள்ளி, மாவட்டம், அகாடமி அளவில் வேலை செய்பவர்கள். இதே சண்டை உங்களிடமும் நடக்கிறது. மாவட்டத் தேர்வுக்குப் பள்ளி பையனை விடாது, சந்தோஷ் டிராபி முகாமுக்கு கிளப் ஆளை விடாது. இந்த சீசனிலிருந்து ஒன்று செய்யுங்கள். உங்கள் ஆட்டக்காரரை வேறோர் அணிக்கு அனுப்பும்போது கடைசி நான்கு வாரத்தில் அவர் ஆடிய நிமிடங்கள், பயிற்சிச் சுமை, பழைய காயம், ஆடிய இடம் எல்லாம் எழுதிய ஒரு தாளையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கிருந்து அவர் திரும்பும்போது அதே போல ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்.